குமாரவேலின் முதுகு

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீலா எதையும் நம்பியது கிடையாது. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் பத்தொன்பது வருஷமாக மீன் விற்பவள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவளிடம் சொல்லிவிட்டு எவனும் தப்பித்துப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஐந்து மாதமாக ஒரே ஒரு சமாசாரத்தில் மட்டும் தடுமாறிக்கொண்டிருந்தாள். அது அவள் புருஷனின் முதுகு.

குமாரவேல் விசைப்படகு டிரைவர். இருபத்திரண்டு வருஷம் கடலில் கிடந்தவன், போன மார்கழியில் ஒருநாள் கரையேறி வந்து, முதுகு பிடித்துக்கொண்டது, இனிமேல் படகில் நிற்க முடியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை என்றார். இருந்தாலும் இருக்கட்டும் என்று இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். யாராவது நலம் விசாரிக்க வந்தால் பெல்ட் ஒரு சுற்று கூடுதலாக இறுகுவதை நீலா கவனித்து வைத்திருந்தாள்.

கவனித்தது அது ஒன்று மட்டுமல்ல. இருபது வருஷமாகக் கடலோர டீக்கடையில் குடித்தவன், இப்போது ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து போய் முபாஷிர் கடையில் குடிக்கிறான். அங்கே எவளாவது இருப்பாள், இல்லை சீட்டாட்டமாவது இருக்கும் என்று நீலா ஒருநாள் பின்னாலேயே போனாள். வழுக்கைத்தலை முபாஷிரும் ஒரு பன் டப்பாவும்தான் இருந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் ஜன்னலோரக் கட்டிலை உள் அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். கனமான தேக்குக் கட்டில், தனி ஆளாக. முதுகு போனவனா இப்படி இழுப்பான் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சோம்பேறித்தனம் என்றால் திட்டிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் மகன் திலீப் நடுவில் வந்தான். பாலிடெக்னிக் கடைசி வருஷம். நைனாவுக்கு முதுகு போய்விட்டது, வீட்டுக்கு ஒரு ஆள் கடலில் இருக்கவேண்டும், நான் போகிறேன் என்று நின்றான். படகு முதலாளி அலெக்ஸாண்டரோ, குமாரவேல் மகன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஜூன் பதினாலோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. பதினைந்தாம் தேதி திலீப் படகேறுவதாக ஏற்பாடு. நீலாவின் அண்ணன் இருபது வயதில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அழுதும் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தாள். பையன் அசையவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. புருஷன் நடிக்கிறான் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், வெட்கப்பட்டாவது அவன் படகேறுவான், பையன் காலேஜுக்குப் போவான்.

இந்த நேரத்தில்தான் மகள் சௌமியா பாலைவனத்தைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பாரீஸ் கார்னரில் ஒரு டிராவல்ஸில் வேலை. மே மாதத்தில் ராஜஸ்தானுக்கு யார் போவார்கள், டூர் விற்காமல் பாதி விலைக்குக் கிடந்தது. மீன் யாவாரிக்கு லீவு கிடைப்பதோ தடைக்காலத்தில்தான். ஊரே வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்குப் போகும்போது நாம் மட்டும் அடுப்புக்குள்ளே போய் உட்காரணுமா என்று நீலா கேட்டாள். அதற்குள் குமாரவேல் சரி என்றுவிட்டான். அதுதான் அவளுக்கு உறுத்தியது. முதுகு வலிக்கிறது என்று வடிவுடையம்மன் தேருக்குக்கூட வராத மனுஷன், ரெண்டு ரயில் மாறி ஜெய்சல்மருக்கு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்?

ரயிலில் ஒரு பாட்டிக்குத் தன் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மேல் பெர்த்துக்கு ஒரே எக்கில் ஏறினான். நீலா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

மணல்மேட்டுக்கு விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டிப் போனார்கள். எட்டு மணிக்கு மேல் கால் வைக்க முடியாதாம். அங்கே பெரிய மீசைக்காரர் ஒருவர் பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு அடியில் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டிருந்தார். பலகையில் பாதங்களை வாரில் மாட்டிக்கொண்டு நின்றபடியே உச்சியிலிருந்து மணலில் வழுக்கி இறங்கவேண்டும், அதுதான் விளையாட்டு. நீலா பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், ஸ்க்ரூவை நகத்தால் நெருடினாள், மெழுகை மோந்து பார்த்தாள். நேற்று எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சௌமியாவை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னாள். நேற்று யாருமே வரவில்லை என்றார் மீசைக்காரர்.

திலீப் மூன்று தடவை கிளம்பி மூன்று தடவையும் முகத்தில் மணலோடு எழுந்தான். சௌமியா நிற்கவே பயந்து, பலகையில் உட்கார்ந்தபடி கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். குமாரவேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உச்சியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். நீலாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாய்தவறிச் சொன்னதுபோலச் சொன்னாள், கடலில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பலகையில் நிற்கத் தெரியவில்லையே, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லையே என்று. சொல்லிவிட்டு செல்போனில் வீடியோவைத் தட்டித் தயாராக வைத்துக்கொண்டாள். அலெக்ஸாண்டருக்குக் காட்டவேண்டும் அல்லவா.

குமாரவேல் கீழே மணலைத் தட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தான். பிறகு எழுந்தான். பெல்ட் இடிக்கிறது என்று கழற்றி அவள் மடியில் போட்டான். பலகையில் ஏறினான், முட்டியை மடக்கினான், அவ்வளவுதான். மணல் எந்தப் பக்கம் சரிந்ததோ அந்தப் பக்கம் இடுப்பு தானாகச் சாய்ந்தது, தானாக நிமிர்ந்தது. ஆடுகிற படகில் நின்று வலை இழுத்த உடம்புக்கு அந்த மேடு ஒரு பொருட்டே இல்லை. அடிவாரத்தில் திலீப்பைச் சுற்றி ஒரு வளைவு அடித்து நின்றான். மீசைக்காரர் கை தட்டினார். குமாரவேல் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து ஐந்து மாதம் ஆயிற்று என்பது நீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் இருந்தவளுக்குச் சிரிப்பைக் கேட்டதும் அழுகையும் வந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் மேலே ஏறி வந்தான். மூச்சு வாங்கக்கூட இல்லை. நீலா பெல்ட்டை நீட்டினாள்.

"இந்தா, உன் முதுகு. மறந்து வச்சிட்டுப் போயிட்டியே."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. மணல் மெத்தென்று இருந்தது, அதனால் வலிக்கவில்லை என்று என்னவோ ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே விட்டுவிட்டான். பலகையைப் போட்டு உட்கார்ந்தான்.

"முதுகுக்கு ஒண்ணும் இல்ல, நீலா," என்றான். "பயம்."

மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மார்கழிப் பனி, எண்ணூருக்கு நேரே, கை நீட்டினால் கை தெரியாத காலை. பனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் வந்திருக்கிறது. கப்பல் என்று முதலில் தெரியவில்லை, சுவர் என்று நினைத்தானாம். திருப்ப வேண்டிய கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டது. கூட இருந்த செங்குட்டுவன் அவனைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து திருப்பினானாம். படகில் ஏழு பேர். செங்குட்டுவன் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றையிலிருந்து தண்ணீரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, டீ கிளாஸ்கூட நிற்பதில்லை என்றான்.

கடல் தெரியாத டீக்கடை. கடல் தெரியாத அறை. நீலா இத்தனை நாள் முடிந்து வைத்திருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. நடுங்குகிற மனுஷனுக்குப் பின்னால் எவளாவது இருப்பாள் என்று தேடிப் போனோமே என்று கூசிப்போனாள்.

"அதான் இந்த ஊருக்கு உடனே சரின்னியா?"

"எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணி கெடையாதுன்னு சௌமியா சொல்லிச்சு. நாலு நாளு நிம்மதியா இருந்துட்டு வரலாமேன்னு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். முதுகு போச்சு என்றால் நாலு பேர் பழம் வாங்கிக்கொண்டு வந்து விசாரிப்பார்கள், பயம் வந்துவிட்டது என்றால் எவன் வருவான் என்றான்.  நீலா செல்போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள்.

அழித்த கையோடு அவளுக்கு மறுபடி கோபம் வந்தது, முன்னைவிடப் பெரிதாக. கீழே திலீப் நான்காவது தடவை ஏறுவதற்குப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். பதினைந்தாம் தேதி இவன் அதே படகில் அதே எண்ணூருக்கு நேரே போகப்போகிறான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயா என்று கேட்டாள். குமாரவேல் தலை நிமிரவில்லை. தினமும் சொல்லத்தான் நினைத்தானாம். போகாதே என்றால் ஏன் என்று கேட்பான், அதற்கு என்ன பதில் சொல்வது?

"இதத்தான் சொல்லணும். எலும்பு கெட்டுப்போயிதான் நீ ஒக்காந்துட்டன்னு நெனைச்சிகினு கீறான். கடல் மேல அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நான் சொன்னா பொம்பள பயப்படுதும்பான். நீ சொல்லு."

"என்னைப் பத்தி இன்னா நெனைப்பான்?"

"இன்னா வேணா நெனைக்கட்டும். உயிரோட இருந்து நெனைக்கட்டும்."

திலீப் மேலே வந்து சேர்ந்தான். புருவமெல்லாம் மணல், முகமெல்லாம் பல். நைனா, செம, முதுகு பரவாயில்லையா, இன்னொரு வாட்டி எனக்குக் காட்டு என்று மூச்சிரைத்தான். மணல் சுட ஆரம்பித்திருந்தது. குமாரவேல் நகர்ந்து பலகையில் இடம் விட்டு, உட்காரச் சொன்னான். நீலா கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஆனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"திலீபு, என் முதுகுக்கு ஒண்ணும் இல்லடா," என்றான் குமாரவேல்.

திலீப் சிரித்தான். அதான் பார்த்தேனே என்றான். குமாரவேல் கண்ணை மூடிக்கொண்டு, பனி, கப்பல், செங்குட்டுவன் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். நைனா கதை விடுகிறார் என்று பையன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். குமாரவேல் வலது கையை அவன் முன்னால் நீட்டினான். நூறு மைலுக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு திலீப் சிரிக்கவில்லை.