கொடிக்குக் கவாத்து

பிலோமி கிறிஸ்துமஸுக்குப் போடும் வைனை, பக்கத்து வீட்டு நாத்தனார் ஆக்னஸ் வருஷம் தவறாமல் ஒரு வாய் குடித்துவிட்டு, "மீன் குழம்புக்குப் புளி மிச்சம்" என்பாள். தெருவே சிரிக்கும். எழுபத்திரண்டாம் வருஷம் பிலோமியின் மகள் ரோஸை நிச்சயம் பண்ண மணப்பாட்டுச் சம்பந்திகள் கிறிஸ்துமஸன்று வருவதாக இருந்தது. அவர்கள் முன்னாலும் இதைச் சொன்னால் பிலோமி எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வாள்?

கொல்லைப் பந்தலில் திராட்சைக் கொடி காடாய்ப் படர்ந்து கிடந்தது. குலைகுலையாய்க் காய்க்கும். எல்லாம் மிளகுப் பருமன், வாயில் வைத்தால் பல் கூசும். அவள் புருஷன் சிலுவை துறைமுகப் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆழ்வார்திருநகரிக்காரரான விவசாய ஆபீசர் சக்ரபாணியிடம் யோசனை கேட்டு வந்தார்.

"ஏளா, கொடிக்குக் கவாத்து பண்ணணுமாம். அப்பதான் பழம் இனிக்கும்னு சொல்லுதாரு."

ஏட்டுக்குத் தெரிந்த கவாத்து ஒன்றுதான், போலீஸ் பரேடு. மறுநாள் காலையில் காக்கி நிக்கரும் பூட்ஸுமாய்ப் பந்தலைச் சுற்றி லெஃப்ட் ரைட் போட ஆரம்பித்தார். தரை அதிர்ந்தால் வேர் முழிக்கும் போலிருக்கிறது என்று பிலோமியும் நம்பினாள், பாவம். ஆக்னஸ் மதில்மேல் தாடையை ஊன்றிக்கொண்டு ரசித்தாள்.

கொடியைப் பார்க்க வந்த சக்ரபாணி தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கவாத்துன்னா கொடிய வெட்டுறது. நீங்க நடந்தா உங்க தொந்திதான் கரையும்."

அவரே நின்று வெட்டவைத்தார். கொடி மொட்டையானதும் ஏட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வெட்டின இடமெல்லாம் துளிர்த்துக் குலை தள்ளியது. உடனே அடுத்த குண்டைப் போட்டார் சக்ரபாணி: பாதிக் குலைகளைப் பிஞ்சிலேயே கிள்ளி எறிய வேண்டும், அப்போதுதான் மிச்சத்துக்கு இனிப்பு ஏறும்.

"காய்ச்சத யாராவது தூரப் போடுவாவளா?" என்று ஏட்டு ஏணியை மறித்தார்.

"என் மானம் போனா நீங்க வாங்கித் தருவீங்களா? தள்ளுங்க" என்று பிலோமி ஏறினாள். கிள்ளக் கிள்ள அவளுக்கும் வயிறு எரிந்தது.

மிஞ்சிய குலைகள் கருத்து உருண்டு தேனாய்ப் பழுத்தன. வழக்கமாய் ஜாடி ஜாடியாய் நிற்கும் வைன் இந்தத் தடவை ஒற்றைப் போத்தலோடு நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸன்று சம்பந்தியம்மாள் மரியசெல்வி ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"நல்லாருக்கே. எந்தக் கடையில வாங்குனீங்க?"

வீட்டில் போட்டது என்று பிலோமியே சொன்னால் யார் நம்புவார்கள்? ஆக்னஸைப் பார்த்தாள். ஆக்னஸ் தம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்கியிருந்தா இன்னுங் கொஞ்சம் இருந்திருக்கும்லா" என்றாள்.