காமினியின் பலகை

பக்கத்து வீட்டு சியூ லானின் மகன் பெயரைக் கொங்சி மண்டபத்தில் பொன்னெழுத்துப் பலகையாக மாட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருப்பது ஒரு சீனக் குலத்தாரின் கோட்டைக்குள். கும்பல் சண்டை ஓயாத காலத்தில் கட்டியது. வரிசை வீடுகளின் முதுகுதான் மதில். உள்ளே வர ஒரே சந்து. நடுவில் அவர்களுடைய கொங்சியின், அதாவது குலச் சங்கத்தின், முன்னோர் மண்டபம். இப்போது பயம் போய்விட்டது, எங்களைப் போன்றவர்களுக்கும் வீடு வாடகைக்குக் கிடைக்கிறது. மண்டபச் சுவர் மட்டும் அவர்களுக்கே. குலத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு அங்கே பலகை ஏறும்.

என் மகள் காமினியும்தான் பட்டம் வாங்கினாள். பட்டர்வொர்த்தில் மருந்தாளுநர். அவள் பெயர் எங்கே இருக்கிறது? சட்டையில் குத்திய அட்டையில்.

"ஏன் வயிறு எரியுறே? அது அவங்க கொங்சி லா," என்றார் என் கணவர் சுப்பையா.

"எரியுது. இப்ப என்னாங்கிறீங்க?"

லிட்டில் இந்தியாவில் கடைப் பலகை எழுதுபவரிடம் போனேன். சிவப்புப் பலகை, தங்க எழுத்து, மண்டபத்துப் பலகையைவிட ஒரு சாண் பெரிதாக. வாசலுக்கு மேலே மாட்டிவிட்டு, சியூ லான் பசாரிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வெளியே நின்றேன்.

அவள் நின்று பார்த்தாள். முகம் சுருங்கியது. எனக்கு மனசு குளிர்ந்தது.

"யாரு செஞ்சது, அக்கா?" அவள் பேசுவது மலாய், அக்கா மட்டும் தமிழ்.

"உனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் மண்டபமே இருக்கே."

"பையனுக்கு இருக்கு. ஹுய் மின்னுக்கு இல்ல. அங்க பொண்ணு பேரு ஏறாது."

ஹுய் மின் அவளுடைய மூத்த மகள், இன்ஜினியர். அவள் படித்து முடித்தபோது இந்தச் சந்தில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை. பொறாமைக்காரி காதில் வெடித்த பட்டாசுதானே விழும்!

"என் வாசல்ல மாட்டுனா மாமனார் கழட்டிடுவாரு. உன் சுவர்ல இடம் கொடுப்பியா, அக்கா?"

தலையாட்டினேன்.

அடுத்த வாரம் பலகையைச் சுமந்துகொண்டு வந்தாள். சுப்பையா ஏணியில் ஏறி, காமினியின் பலகையை நகர்த்தி இடம் பண்ணினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஹுய் மின்னின் பலகை இரண்டு விரல் பெரிது. பாவி, அன்றைக்கு நின்று பார்த்தது அளவெடுக்கத்தான்!

சியூ லான் என்னைப் பார்க்காமல் ஏணியில் நின்றவரிடம் ஆணியை நீட்டினாள்.

"அடிங்க, நல்லா இறுக்கி அடிங்க," என்றேன்.