முன்னாடியே சொல்லிப்புடணும்

எழுமலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை முருகம்மாளிடம் ஒப்படைத்தபோதே, தலைமையாசிரியர் சின்னச்சாமி தங்கப்பொண்ணைப் பற்றி எச்சரித்திருந்தார். எட்டு வயதுப் பிள்ளை. ஒழுங்காக எழுதிக்கொண்டே இருப்பாள்; திடீரென்று சிலேட்டை வீசுவாள், காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், கிட்டே போனவர் கையைக் கடிப்பாள். பிரம்புக்கும் அடங்கவில்லை. போன வருடம் முழுக்க அவளை வராந்தாவில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

முருகம்மாள் அவளை உள்ளே, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அது எழுபத்தெட்டாம் வருடம். அவள் வேலைக்கு வந்து இரண்டாவது ஆண்டு. பெற்றோர் திருநகரில் இருக்க, இவள் எழுமலையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

ஆடிக் காற்று அடித்த ஒருநாள் வகுப்பெல்லாம் புழுதி. பிள்ளைகளை எழுப்பிப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னாள். தங்கப்பொண்ணு நகரவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிய டீச்சரின் முன்னங்கையில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

பிள்ளையை நிறுத்திவிடச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் அன்று மாலை முருகம்மாள் தங்கப்பொண்ணின் வீட்டுக்குப் போனாள். தாய் ராமக்காள் களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். டீச்சரின் கையில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிப்போயிற்று. உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினாள். இப்ப அடுப்புப் பத்த வைக்கப் போறேன், டீச்சர் காப்பி குடிப்பாங்க, அப்புறம் போயிருவாங்க, அதுக்கப்புறம் சோறு என்று விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகளும் விரலை மடக்கிக்கொண்டாள். சுள்ளி படபடவென்று வெடித்தபோதும் அவள் கத்தவில்லை.

"எல்லாத்தையும் இப்படிச் சொல்லிட்டுத்தான் செய்வீங்களா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"ஆமா டீச்சர். முன்னாடியே சொல்லிப்புடணும். சொல்லாம கொள்ளாம செஞ்சா அவளுக்குப் பயம் வந்துரும். அம்புட்டுத்தான்."

"பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

வந்த காரியத்தைச் சொல்லாமலே முருகம்மாள் திரும்பினாள்.

மறுநாள் காலை கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்தாள். எழுத்துக்குச் சிலேட்டு, இடைவேளைக்கு மணி, சாப்பாட்டுக்குத் தட்டு. ஒவ்வொன்று முடிந்ததும் தங்கப்பொண்ணு வந்து அந்தப் படத்தை அழித்துவிட்டுப் போக வேண்டும். மணி அடிப்பதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுவாள். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும் இரைச்சலை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் வெளியே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினாள். முதல் வாரம் இரண்டு முறை சிலேட்டு பறந்தது. அப்புறம் குறைந்தது.

ஒரு பிள்ளைக்கு இம்புட்டுச் சலுகை கொடுத்தால் மற்றதுகளும் கேட்கும் என்றார் சின்னச்சாமி. ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு இன்னும் எத்தனை படம் இருக்கிறது என்று பார்ப்பதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சந்தோஷம்தான்.

கார்த்திகையில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, முருகம்மாள் மூன்று நாள் லீவு போட்டாள். இதை முன்கூட்டிச் சொல்ல அவளுக்கு வழியில்லை. பள்ளிக்குச் சேதி மட்டும் சொல்லி அனுப்பினாள். திருநகரில் இருந்த மூன்று நாளும், அந்தப் பிள்ளை மறுபடி வராந்தாவுக்குப் போயிருக்கும் என்ற நினைப்பே அவளை அரித்தது.

நாலாம் நாள் வந்தபோது தங்கப்பொண்ணு ஜன்னலோரம் தன் இடத்திலேயே இருந்தாள். பலகையின் ஓரத்தில் கோணல்மாணலாகப் படங்கள். வரைந்தது முன்வரிசையில் உட்காரும் மலையம்மாள் என்று பிள்ளைகள் காட்டினார்கள்.

"நீங்க வர மாட்டீங்க, பெரிய சார்தான் வருவாருன்னு மொதல்லயே சொல்லிப்புட்டோம் டீச்சர்," என்றாள் மலையம்மாள். "அவ நம்பல. அதான் பலகையில சாரை மீசையோட வரைஞ்சு காட்டுனேன்."

வாசலில் நின்ற சின்னச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு நாளா என் மீசையை அழிச்சுக்கிட்டே இருந்தா டீச்சர். ஒருத்தரையும் கடிக்கல."

முருகம்மாள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைய வரிசையில் முதலாவதாக அவளைப் போலவே நீளச் சடை போட்ட ஒரு பொம்மை இருந்தது. தங்கப்பொண்ணு எழுந்து வந்து, டீச்சர் முகத்தைப் பார்க்காமல், அந்தச் சடைக்குப் பக்கத்திலிருந்த படத்தில் விரலை வைத்தாள்.

"இப்பக் கணக்கு," என்றாள்.

முருகம்மாள் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.