நாலு காலும் தரையில்

வீட்டு நாய் தடியன் பாய்ந்து மாமியாரின் மணிக்கட்டை உடைத்துவிட்டது என்றுதான் அந்தக் கட்டடம் முழுக்கப் பேச்சு. உண்மை தெரிந்தவர் ஒரே ஒருத்தர். நாயை வளர்த்த மாப்பிள்ளை. அவர் வாயே திறக்கவில்லை.

ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர் அவர். சொந்த வீட்டுக்கு மூன்று மாடி ஏறத்தான் வேண்டும் என்பது வேறு கதை. வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவார். தடியன் எகிறித் தோளில் காலைப் போடும், பிஸ்கட் வாங்கிக்கொள்ளும். மனைவி வருவதற்குள் இந்தக் கூத்து முடிந்துவிடும். அன்று மாமியார் படியேறி வந்து, "அம்மாடி!" என்று மூச்சிரைக்க நெஞ்சைத் தட்டிக்கொண்டார். நாய்க்கு அது போதாதா? சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தது, பாவம்.

"இன்னொரு தடவை யார் மேலயாவது பாஞ்சுது, இந்த வீட்ல அதுக்கு இடமில்ல" என்றாள் மனைவி.

"சனியன் பிடிச்ச நாய்" என்று அவரும் கூடச் சேர்ந்து திட்டினார். திட்டிவிட்டு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது.

மறுநாளே பாடம் தொடங்கியது. மனைவி வெளியே நின்று மணியடிப்பாள். நாலு காலும் தரையில் இருந்தால் கதவு திறக்கும், பிஸ்கட் உண்டு. எழுந்தால் கதவு சாத்தப்படும். ஆறு வாரம் இதே வேலை. மனைவி அம்மாவைப் பார்க்கக் கூப்பிட்டால்கூட, "நாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிடும், நீ போயிட்டு வா" என்று நழுவிவிடுவார்.

கட்டுப் பிரித்த மறுவாரம் மாமியாரே வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. மாப்பிள்ளை நாயின் கழுத்துப்பட்டையைப் பிடிக்க ஓடினார். தடியனோ தொடை துடிக்கத் துடிக்க உட்கார்ந்தே இருந்தது.

"அட என் ராசா! உன்னைப் போயி என்னென்ன பேசிட்டேன்!"

அதற்குமேல் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. "அத்தை, அது மேல தப்பே இல்ல. நெஞ்சைத் தட்டினா பாயணும்னு பழக்கினதே நான்தான். சொல்லப் பயந்துட்டேன்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

மனைவி முறைத்த முறைப்பைச் சொல்லி மாளாது. மாமியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதனாலதான் என்னை எட்டிக்கூடப் பாக்கலையா மாப்பிள்ளை? உங்க நாயைத் திட்டிட்டேன்னு கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் இன்னிக்கு இத்தனை படி ஏறி வந்தேன்."