சலவைக்கடைக் கூரையில் புகை

நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். அன்றைக்குப் புகைந்தது. பக்கத்து நகரத்து இன்ஜினியர் தெருவில் ஒரு சாக்கடை மூடியைத் திறந்து, ஊதுகிற இயந்திரத்தை அதன் வாயில் உட்காரவைத்து, வெள்ளைப் புகையை மண்ணுக்கடியில் செலுத்திக்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்பீர்கள், கண்ணுகளா. எங்கள் ஊர்ச் சாக்கடைக்குப் போக்கிடம் இல்லை. ஊர்க்கோடிக் கழிவுநீர்க் குட்டை நிரம்பி வழிந்தது. மழை வந்தால் பள்ளத் தெரு வீடுகளில் குளியலறை ஓட்டை வழியே எல்லாம் மேலே வரும். நகரத்துப் பெரிய குழாயோடு எங்கள் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர்த் தலைவி நடையாய் நடந்து, கெஞ்சாத இடமில்லை. கடைசியில் சோதனைவரை வந்திருந்தது. மழைக்குள் கையெழுத்து ஆகவேண்டும். வானமோ காலையிலிருந்தே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மழைத்தண்ணியும் சேந்து வந்தா எங்க சுத்திகரிப்பு நிலையம் தாங்காது. கழிவறை காத்துக்குழாய்ல புகை வந்தா சரி. கூரைத்தண்ணி இறங்குற குழாய்ல வந்தா அது திருட்டு இணைப்பு. அந்த வீட்டுச் சாக்கடைக் குழாயை மட்டும் அடைச்சிட்டு, ஊருக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். ஆனா யாராவது மறைச்சீங்கன்னு தெரிஞ்சுது, மொத்த ஃபைலையும் மூடிடுவேன்."

"மறைக்கிற அளவுக்கு எங்க ஊர்ல யாருக்கு சார் மூளை இருக்கு?" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர். கூட்டம் சிரித்தது.

தெருத் தெருவாகப் புகை சரியான இடத்திலேயே வந்தது. தலைவிக்குப் பாதி உயிர் திரும்பியது. இன்னும் கடைத்தெரு மட்டும்தான் பாக்கி. அங்கேதான் அவள் தம்பியின் சலவைக்கடை. இன்ஜினியர் முன்பக்கம் நிற்க, அவள் பின்சந்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். தம்பி கூரைமேல் குந்தியிருந்தான். தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயில் ஈரச் சாக்கை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"மெதுவாப் பேசு அக்கா! போன மழைல கடைக்குள்ள தண்ணி வந்து துணியெல்லாம் நாறிப்போச்சுல்ல? அதான் கூரைத்தண்ணியை சாக்கடைல இறக்கிட்டேன். நீ எதையும் பாக்கல, போ. உனக்கு வேண்டியது கையெழுத்துதானே?"

தலைவி முன்பக்கத்துக்கே திரும்பிப் போனாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். ஊரே அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊர் வாயை மூடத்தான் உலைமூடி இல்லை என்பார்கள். குழாய் வாயை மூடவும் சாக்கு போதவில்லை. சலவைக்கடைக்கும் அடுத்த வீட்டுத் தையல்காரிக்கும் ஒரே சுவர். இரண்டு கூரைக்கும் ஒரே தகர வாய்க்கால்; அவள் பக்கத்து முனை தெருவில் விழும், கடைப் பக்கத்து முனையில்தான் தம்பியின் குழாய். புகை சாக்குக்கடியில் ஊர்ந்து, வாய்க்காலோடு போய், தையல்காரி வீட்டு முனையில் குபுகுபுவென்று கிளம்பியது.

"அந்த வீடு! அடைங்க" என்றார் இன்ஜினியர்.

தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடிவந்தாள். "எதை சார் அடைக்கிறீங்க? என் வீட்டுத் தண்ணி தெருவுலதான் விழுது, வந்து பாருங்க. உள்ள என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக் கிடக்கிறார். கழிவறையை அடைச்சா அவரை எங்க தூக்கிட்டுப் போறது, உங்க ஆபீசுக்கா?"

"புகை பொய் சொல்லாதும்மா."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று தலைவியிடம் திரும்பினாள் தையல்காரி.

தலைவி மேலே பார்த்தாள். கூரையின் விளிம்பில் தம்பி அவளைப் பார்த்துக் கைகூப்பினான். இங்கே இன்ஜினியர் பேனாவைத் திறந்துவிட்டார். சும்மா இருந்தால் போதும். அவள் முதுகுக்குப் பின்னால் பள்ளத் தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

விறுவிறுவென்று பின்சந்துக்குப் போய் ஏணியில் ஏறினாள். தம்பி தடுக்கத் தடுக்கச் சாக்கை உருவினாள். புகை அவள் முகத்திலேயே அடித்தது.

"இது என் தம்பி கடை" என்றாள் இருமிக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி. "மறைச்சது அவன். பாத்துட்டுச் சும்மா போனது நான்."

இன்ஜினியர் பேனாவை மூடினார்.

"அடிப்பாவி! ஒரு நிமிஷம் வாயைப் பொத்திட்டு இருக்கக் கூடாதா?" என்று பள்ளத் தெருக் கிழவி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஏன் பெரியம்மா," என்றாள் தையல்காரி, "இருந்திருந்தா என் வீட்டுக்காரரை உங்க வீட்ல படுக்க வெச்சிருப்பீங்களா?" கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஜினியர் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சொன்னா சொன்னதுதான். இந்த ஃபைல் முடிஞ்சுது. அந்த இணைப்பை உடைச்சு எடுத்துட்டுப் புதுசா மனு எழுதிப் போடுங்க. மழை முடிஞ்சதும் நானே வந்து முதல் மூடியிலேர்ந்து ஊதறேன்."

இயந்திரம் வண்டியேறிப் போயிற்று. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. தம்பி இறங்கிவந்து, கடப்பாரையை அக்காவின் காலடியில் எறிந்தான்.

"உன் நியாயத்தை நீயே உடை."

தலைவி குனிந்து எடுத்தாள். குழாய் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் ஓங்கிப் போட்டாள். சிமெண்டு சிரித்ததே தவிர உடையவில்லை. மறுபடி போட்டாள். கடப்பாரை வழுக்கிப் பக்கத்தில் குத்தியது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி ஓங்கினாள்.

"தள்ளு, தள்ளு! கால்ல போட்டுக்கப் போற" என்று அவள் கையிலிருந்து பிடுங்கினான்.