என் மனைவிக்குத் தெரியாத தோள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை உதித்தது என் மூளையில் அல்ல, வலது தோளில். மூன்று மாதமாகக் கை மேலே எழவில்லை. என் மனைவி பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க ஊராரின் தோள்களைப் பிடித்துச் சரிசெய்பவள். நானோ அவளுக்குத் தெரியாமல், இரண்டு பஸ் மாறி, வேறொரு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.)

ஏன் அப்படிப் போனேன் என்று கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அவள் ஜன்னல் வழியே வெறித்தபடி...'

வேண்டாம். பத்தொன்பது வருடத்தில் அவள் ஜன்னல் வழியே வெறித்து நான் பார்த்ததே இல்லை. அதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்?

இரண்டாவது: 'இருவருக்கும் நடுவே சண்டை எதுவும் இல்லை.' இது நிஜம். சண்டை போடுகிற அளவுக்குக்கூட நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சாவி எங்கே, பால் இருக்கிறதா, வர லேட்டாகும். அவ்வளவுதான். போன வாரம் வேறு ஊர் மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல இடம் என்றேன். ம் என்றாள். இந்தக் கணவனைக் கதையில் வைத்துக்கொள்ளவே எனக்குப் பிடிக்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது.

3

இன்று காலை நடந்தது. (இதில் கற்பனை கிடையாது, சத்தியமாக.) சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று பார்த்தவள், "அங்க உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"எங்க?"

"நீங்க போற கிளினிக்ல. மூணு மாசமா வலது கையைத்தான் முதல்ல சட்டைக்குள்ள விடுறீங்க. தோள் வலிக்கிறவங்க அப்படித்தான் போடுவாங்க. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்." பையை எடுத்துக்கொண்டாள். "அந்த வேலை விஷயத்துலயும் அதேதான்."

உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாமே என்றுதான், என்று உளறினேன். பாதிப் பொய். அவள் கை என் தோளில் படும்போது அது ஒரு நோயாளியைத் தொடுகிற மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதுதான் மீதி.

4

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் கிளம்புகிறாள், நான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கிறேன் (எந்தக் கையால்? அந்த வரியை அடித்துவிட்டேன்). இன்னொன்றில் இருவருமே போகிறோம். மூன்றாவதில் நான் போகாதே என்கிறேன், அவள் இருந்துவிடுகிறாள்.

மூன்றிலும் ஒரே கோளாறு. அவள் சொல்ல வேண்டியதை அவளைக் கேட்காமல் நானே எழுதியிருக்கிறேன்.

5

வேலை முடிந்து வந்துவிட்டாள். அடுத்த அறையில்தான் இருக்கிறாள். நான் சொல்லப்போவது இது: "நீ இல்லாம என்னால இருக்க முடியாது. போகணும்னா போ, ஆனா நானும் வரட்டுமா?"

மூன்று முடிவுகளில் எது பிடிக்கிறதோ அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளுடைய பதில் வேண்டும்.