பத்து வருடத்துக்கு நாலு மாதம்

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அடுத்த காணிக்காரர் சண்முகநாதன், ஊர்த் தலைமைக்காரரான விதானையாரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். தோள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மார்க்கண்டுவின் உடலருகே சற்று நேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"தம்பிராசா, ஐயாவை என்ரை காணிக்குள்ளாலை கொண்டு போங்கோ. நான் அனுமதி தாறன். விதானையாருக்கு முன்னாலை சொல்லுறன்."

தந்தி கண்டு அன்று காலை கொழும்பு மெயிலில் வந்து இறங்கியிருந்த மூத்த மகன் தம்பிராசா கைகூப்பினான். "பெரிய உபகாரம், அண்ணை."

தகப்பனின் தலைமாட்டில் இருந்த தங்கை ஞானாம்பிகை எழுந்துவிட்டாள். அந்த அனுமதி என்ன செய்யும் என்று அந்த வளவில் அவளுக்குத்தான் தெரியும், கிடத்தியிருந்தவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடான தோம்பில் இந்த இடம் முழுவதும் ஒரே காணி. பற்றை வெட்டி, கல் பொறுக்கி, கிணறு தோண்டிய ஒருவரின் பெயரில் இருந்தது. அவர் அதை இரண்டு மகள்மாருக்குச் சீதனமாகப் பிரித்தார். இருவருக்கும் பொதுவான கிணறு மேற்குத் துண்டின் அப்பக்கத்தில் போய்விட்டதால், கிழக்குத் துண்டுக்காரர் தண்ணீருக்கும் தெருவுக்கும் போக மேற்குத் துண்டுக்குள்ளால் ஒரு நடைபாதை விட்டார். கிழக்குத் துண்டு பெண்வழியாகவே இறங்கி ஞானாம்பிகையிடம் வந்தது. மேற்குத் துண்டுதான் அலைந்தது. ஒற்றிக்குப் போய், ஒரு புகையிலை வியாபாரிக்கு அறுதியாக விற்கப்பட்டு, மார்க்கண்டுவின் தமக்கை அதைத் திரும்ப வாங்கி, அவள் செத்தபின் பிள்ளைகள் சண்முகநாதனுக்கு விற்றார்கள். அந்தக் கடைசி உறுதிப் பத்திரத்தில் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதையைச் சொன்ன பழைய உறுதியைக் கறையான் தின்றிருந்தது.

கடதாசி இல்லாதவனுக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. பத்து வருடம் ஒருவரையும் கேளாமல், ஒளியாமல், மறிப்பாரில்லாமல் நடந்தால் அந்தப் பாதையில் நடந்தவனுக்கு உரிமை. காணிக்காரனின் அனுமதியோடு நடந்தாலோ, நூறு வருடம் நடந்தாலும் அது அவன் தயவு. தமக்கை காலத்தில் நடந்ததை உறவுத் தயவு என்று தள்ளிவிடுவார்கள் என்று வழக்குப் பேசும் புரொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே மார்க்கண்டு, சண்முகநாதன் வாங்கிய நாளிலிருந்து எண்ணினார். வேலை இல்லாத நாளிலும் காலையும் மாலையும் அந்தப் பாதையால் போய்வந்தார். வருகிற ஐப்பசியோடு பத்து வருடம். இது ஆனி.

"அண்ணை, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ." தம்பிராசாவைக் குசினிப் பக்கம் கூட்டிப்போனாள். "என்ன சொல்லிப்போட்டியள்?"

"மனிசன் நல்ல மனதோடை வந்து கேக்குது..."

"அவர் கேக்கேல்லை, தாறார். தாறதை வாங்கிப் போனால் அது அவற்றை பாதை. பிறகு ஒரு குடம் தண்ணிக்கும் நான் அவரைக் கேட்டுத்தான் போகவேணும்."

"சவம் கிடக்கேக்கை கோட்டு வழக்குக் கதை கதைக்கிறியே?"

"கிடக்கிறவர் எழும்பினாலும் இதைத்தான் கதைப்பார்."

தம்பிராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சால்வையால் வாயை மூடிக்கொண்டான். "அப்ப, உங்கடை அனுமதி வேண்டாம், இது எங்கடை பாதை எண்டு சொல்லட்டோ?"

"சொன்னால் மறிப்பார். மறிச்சாலும் பத்து வருசம் அறுந்துபோம்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறாய்?"

அவள் கிழக்கே பார்த்தாள். "வயலாலை கொண்டு போங்கோ."

"உனக்கென்ன விசரே? சுடலைக்கு அதாலை ஒண்டரைக் கட்டைத் தூரம்! இந்த வெயிலுக்கை!"

"ஓம்."

அவள் குரல் பிசகவில்லை.

தம்பிராசா வெளியே போய், ஐயாவுக்குக் கடைசியாக வயலைப் பார்த்துப் போக ஆசையாம் என்று சொன்னான். சண்முகநாதன் அவனைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்றவளைப் பார்த்தார். முப்பது வருடம் கோப்புகளோடு இருந்த மனிதர்.

"அப்பிடியோ," என்றார் கடைசியில். "ஆசையெண்டால் சரி."

கிழக்கு வேலியில் நாலு கதியால் தடிகளை வெட்டி வழி விட்டார்கள். பாடையைத் தோளில் ஏற்றும்போது ஒருவர் முணுமுணுத்தார்: "மனிசன் செத்தும் எங்களைச் சுத்தவிடுறார்."

"உயிரோடை இருக்கேக்கை சாட்சி சொல்லக் கோட்டுக்கெல்லோ நடத்தினவர். இது கிட்டத்தானே," என்றார் மற்றவர்.

வேலியோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். காய்ந்த வயலின் கட்டிகளில் கால் இடறி, பாடை ஒருமுறை சரிந்தது. ஞானாம்பிகையின் கை தன்னையறியாமல் முன்னே நீண்டது. தோள்கள் மாறின, பாடை நிமிர்ந்தது. சண்முகநாதனும் அந்த வெயிலில் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

இனி வீடு கழுவ வேண்டும். யாரோ குடத்தை எடுத்தார்கள்.

"இஞ்சை தாருங்கோ."

"நீ இரு பிள்ளை, ஒரு வாய் குடிக்கேல்லை காலமை தொட்டு..."

"நான் போறன்."

அவள் மேற்குப் பாதையில் இறங்கினாள். நடுப்பாதையால், அவசரப்படாமல் போனாள். சண்முகநாதனின் மனைவி கொல்லையில் நின்று பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இவளும் அனுமதி கேட்கவில்லை. கிணற்றுத் துலா இறங்கி ஏறியது. குடம் தளும்பி மணலில் ஈரக்கோடு ஒன்று வீடுவரை வந்தது.

மூன்றாவது குடத்துக்கும் அவளே போனாள். அப்போதும் வயலுக்கு அப்பால் பறை கேட்டுக்கொண்டிருந்தது.